தண்டையார்பேட்டை மாலை இங்கிலீஷ் வகுப்பு: 'கிவ்' பாடத்துக்காகவே சேரலாம்

பாரிமுனை கிளியரிங் ஆபீஸ், மணலி கண்டெய்னர் யார்டு, மிண்ட் பக்கத்து மொத்தக் கடை என்று எங்கே வேலை பார்த்தாலும், நாள் முழுக்க இங்கிலீஷில் மெயில் அடிக்க வேண்டியிருக்கிற நம் வடசென்னைக்காரர்களுக்கு இந்த வகுப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில், வேலை முடிந்து வருபவர்களுக்காக ஏழு மணிக்கு மேல் நடக்கிறது. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது, விளம்பரம் கிடையாது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் நடத்துகிறார், எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுகிறோம். பெயர் போட வேண்டாம் என்று அவரே சொன்னதால் போடவில்லை.

இதற்கு முன்னால் நான் போன இன்னொரு இடத்தில் ரெடிமேட் டயலாக்குகளைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். ஏர்போர்ட்டில் எப்படிப் பேசுவது, ஹோட்டலில் ரூம் எப்படிக் கேட்பது என்று. ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்தால் அதில் ஒரு வரிகூட உதவவில்லை. இங்கே அப்படி இல்லை. நாம் அனுப்பிய மெயிலையே போனில் இருந்து எடுத்துக் காட்டச் சொல்கிறார், அதை போர்டில் எழுதுகிறார், அதில் இருந்துதான் பாடமே தொடங்குகிறது.

'குடுக்குற வெர்ப்' என்று அவர் சொல்கிற பாடம் பல வகுப்புகளுக்கு நீள்கிறது. கொடுப்பது, அனுப்புவது, கடன் தருவது, காட்டுவது, சொல்வது எல்லாம் இதற்குள் வந்துவிடும். ஒரு கிளியரிங் ஆபீஸ் தம்பி, கண்டெய்னர் டெபாசிட்டைத் திரும்பக் கேட்டு 'ரிட்டர்ன் அஸ் தி டெபாசிட்' என்று எழுதியிருந்தார். மிஸ் அதன் பக்கத்திலேயே 'செண்ட் அஸ் தி டெபாசிட்' என்று எழுதி, இது சரி, அது சரியில்லை, ஏன்னு சொல்லுங்கப்பா என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் எல்லோரும் தினம் எழுதுகிற வாக்கியங்கள்தான் இரண்டும்.

அவர் சொன்ன விளக்கம் இது. கிவ், செண்ட், லெண்ட், ஷோ, டெல் மாதிரி ஓரசையில் முடிகிற சின்னச் சொற்கள் பெரும்பாலும் பழைய இங்கிலீஷ் சொற்கள், அவற்றுக்குப் பின்னால் ஆளை முதலில் வைத்துப் பொருளை அடுத்து வைக்கலாம். எக்ஸ்ப்ளெயின், சப்மிட், ரிட்டர்ன், டெலிவர், சஜெஸ்ட் போன்றவை 1066-ல் பிரான்ஸில் இருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஃபிரெஞ்சு வழியாகவோ லத்தீனில் இருந்தோ வந்து சேர்ந்தவை. இவற்றுக்குப் பொருளை முதலில் சொல்லிவிட்டு 'டு' போட்டு ஆளைச் சொல்ல வேண்டும். அதனால்தான் 'எக்ஸ்ப்ளெயின் மீ' தப்பு, 'எக்ஸ்ப்ளெயின் இட் டு மீ' சரி. அழுத்தம் இரண்டாவது அசையில் விழுகிறதா என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் சொல்கிறார், விழுந்தால் அது பெரும்பாலும் 'டு' போடுகிற சொல், அதிலேயே பாதி பிடிபட்டுவிடுகிறது. ஆஃபர், ப்ராமிஸ் இரண்டுக்கும் அழுத்தம் முதலிலேயே விழுவதால் அவை சின்னச் சொற்களோடு சேர்ந்துகொள்ளும். அவார்ட், அசைன் இரண்டும் இந்தக் கணக்குக்கு அடங்காது (அழுத்தம் இரண்டாவதில் விழுந்தும் ஆளை முதலில் வைக்கலாம்), 'சே' சின்னச் சொல்லாக இருந்தும் 'சே மீ' வராது என்பதையும் மறைக்காமல் சொன்னார். விதி என்று சொல்லி ஏமாற்றாத இந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடித்தது. 'ப்ரொவைட்' தனி: 'ப்ரொவைட் அஸ் வித் தி காப்பி' என்று 'வித்' போட்டு எழுதிப் பழகச் சொன்னார், அமெரிக்காவில் 'வித்' இல்லாமலும் எழுதுவார்கள் என்பதையும் சேர்த்து.

அப்புறம் ஆளும் இடமும். பார்சலை எண்ணூருக்கு அனுப்பினேன் என்பதற்கு 'செண்ட் எண்ணூர் தி பார்சல்' என்று எழுதினால், எண்ணூர் என்று ஓர் ஆள் இருப்பது மாதிரி ஆகிவிடும். வாங்கி வைத்துக்கொள்ளக்கூடிய ஆளோ ஆபீஸோ இருந்தால்தான் அந்த வடிவம், வெறும் ஊர் என்றால் 'டு எண்ணூர்'தான். இதே இடத்தில்தான் 'டு'வும் 'ஃபார்'உம் குழம்புகின்றன. நமக்கு எல்லாவற்றுக்கும் 'கு' போதும், எனக்குக் கொடு, எனக்கு வாங்கு. இங்கிலீஷில் கொடுப்பதற்கு 'டு', எனக்காக வாங்குவதற்கும் செய்வதற்கும் 'ஃபார்'. 'பை டீ டு மீ' என்று எங்கள் வகுப்பில் பாதிப் பேர் எழுதியிருந்தோம்.

சாவியை ரவிகிட்ட குடு, ரவிகிட்ட சாவியைக் குடு, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு நாள் கேட்டார். தமிழில் வினைக்கு ஒட்டி முன்னால் வருவதுதான் அழுத்தம் பெறும், முதல் வாக்கியத்தில் யாரிடம் என்பது முக்கியம், இரண்டாவதில் எதை என்பது. இங்கிலீஷில் அந்த அழுத்தம் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். யாரிடம் கொடுக்க வேண்டும் என்பது புதுத் தகவல் என்றால் 'கிவ் தி கீ டு ரவி', எதைக் கொடுக்க வேண்டும் என்பது புதுசு என்றால் 'கிவ் ரவி தி கீ'. இரண்டும் ஒன்றுதான் என்றே இத்தனை வருஷம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், ஒருவர்கூட இதைச் சொன்னதில்லை.

என்னைக் கேட்டால் இதையெல்லாம் விடப் பெரிய பாடம் மரியாதை பற்றியது. கொடு, கொடுங்க என்று நமக்கு வினையிலேயே மரியாதை உட்கார்ந்திருக்கிறது. தொல்காப்பியத்தில் ஈ, தா, கொடு மூன்றையும் கேட்கிறவன் தாழ்ந்தவனா, சமமானவனா, உயர்ந்தவனா என்று பார்த்தே பிரித்து வைத்திருக்கிறார்கள், அதையும் மிஸ்தான் சொன்னார். 'கிவ்'வில் 'ங்க' கிடையாது. நாம் மனசுக்குள் 'கொடுங்க சார்' என்று நினைத்து 'கிவ் மீ தி காப்பி' என்று அடிக்கிறோம், அந்தப் பக்கம் படிப்பவருக்கு அது அதட்டலாகப் போய்ச் சேர்கிறது. அதற்குப் பயந்துதான் எல்லா வரியிலும் 'கைண்ட்லி'யைச் சேர்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். 'குட் யூ செண்ட் மீ தி காப்பி' என்று கேள்வியாக மாற்றினால் போதும் என்றார். அந்த வாரமே மாற்றிக்கொண்டேன், இப்போது ஒரு மெயில் அனுப்பிவிட்டு அது முரட்டுத்தனமாக இருந்திருக்குமோ என்று கவலைப்படுவதில்லை. பணம் கட்டியும் ரசீது வரவில்லை என்றால் 'யூ டிட் நாட் கிவ்' என்று விரல் நீட்டாமல் 'வி வேர் நாட் கிவன் எ ரிசீப்ட்' என்று எழுதலாம் என்பதும் அன்றைக்குக் கிடைத்ததுதான்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பேச்சுப் பயிற்சி ரொம்பக் குறைவு. இன்டர்வியூவுக்கு அவசரமாகத் தயாராக வேண்டியவர்களுக்கு இது பொருந்தாது, போய்விட்டு ஏமாற வேண்டாம். அச்சடித்த நோட்ஸ் எதுவும் தருவதில்லை, போர்டில் இருப்பதை நாமே எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு நாள் விட்டுவிட்டால் யாருடைய நோட்டையாவது வாங்கிப் படித்தால்தான் உண்டு. ஜன்னலைத் திறந்தால் ஷேர் ஆட்டோ ஹாரன், மூடினால் வேர்வை, கோடையில் உண்மையிலேயே கஷ்டம். மாடிப்படி குறுகல், வயதானவர்கள் ஏறுவது சிரமம். பேட்சில் ஆள் கூடிவிட்டால் நம் மெயிலுக்கு முறை வர ஒரு வாரம்கூட ஆகிறது, இதை அவர் கட்டாயம் சரிசெய்ய வேண்டும், நேரிலும் சொல்லியிருக்கிறேன்.

கட்டணம் மாதத்துக்கு 1,000 ரூபாய்க்குள்தான், மொத்தமாகக் கட்டச் சொல்லி நெருக்குவதில்லை. பெண்கள் நிறைய பேர் வருகிறார்கள், எட்டரைக்கு மேல் யாரையும் உட்கார வைப்பதில்லை. வகுப்பு நடக்கும் இடத்தில் இருந்து மெட்ரோவுக்கு நடந்தே போய்விடலாம். முதல் வகுப்புக்குக் காசு வாங்குவதில்லை. போகும்போது போனில் நீங்கள் கடைசியாக அனுப்பிய ஆபீஸ் மெயிலைத் திருத்தாமல் அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள், அதைத்தான் முதலில் கேட்பார்.