பாலியா, புக்கெட்–கிராபியா? லீவு எப்போது என்று முதலில் சொல்லுங்கள்

பாலிக்குப் போவதா, தாய்லாந்தின் புக்கெட்–கிராபி பக்கம் போவதா என்று குழம்புகிறவர்கள் பெரும்பாலும் பேக்கேஜ் விலையை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது மழை. இந்த இரண்டு இடங்களுக்கும் மழைக்காலம் நேர் எதிர். புக்கெட்டும் கிராபியும் அந்தமான் கடலோரம். கேரளத்தை நனைக்கும் தென்மேற்குப் பருவக்காற்று அங்கேயும் மே முதல் அக்டோபர் வரை வீசுகிறது. பாலி பூமத்திய ரேகைக்குத் தெற்கே எட்டு டிகிரியில் இருக்கிறது. அங்கே நவம்பரிலிருந்து மார்ச் வரை மழை, ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை வெயில்.

நம் பள்ளி விடுமுறைகளை இதோடு பொருத்திப் பாருங்கள். ஏப்ரலில் இரண்டுமே சரி, ஆனால் மே பிறந்துவிட்டால் பாலிதான். செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறைக்கும் பாலிதான். புக்கெட்டில் ஆண்டிலேயே அதிகமாக மழை கொட்டுவது செப்டம்பர், அக்டோபரில். அரையாண்டு விடுமுறைக்கும் பொங்கலுக்கும் புக்கெட்–கிராபி. கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு தாண்டும்வரை அங்கே ஹோட்டல் விலை எகிறும். பொங்கல் வாரம் வரை தள்ளிப்போட முடிந்தால் அதே கடல், அதே வெயில், வாடகை மட்டும் குறைவு. தீபாவளிச் சமயத்தில் இரண்டு பக்கமும் பருவம் மாறிக்கொண்டிருக்கும். அக்டோபரில் தீபாவளி வந்தால் பாலி, நவம்பர் நடுவில் வந்தால் புக்கெட் என்று வைத்துக்கொள்ளலாம்.

“மழைதானே, பார்த்துக்கலாம்” என்று ஜூலையில் புக்கெட்டுக்கு டிக்கெட் போடுகிறவர்கள் உண்டு. அறை பாதி விலைக்குக் கிடைக்கும், உண்மைதான். மழையைக்கூடச் சமாளிக்கலாம், கடல்தான் இடம் கொடுக்காது. மேற்குக் கரையில் இருக்கும் பாத்தோங், காரோன், காட்டா கடற்கரைகளில் பல நாள் சிவப்புக் கொடி பறக்கும். கரையிலிருந்து ஆழத்துக்கு இழுக்கும் நீரோட்டம் அங்கே வலுவானது. இடுப்பளவு தண்ணீரில் நிற்பவரைக்கூடக் கொண்டுபோய்விடும். அலைகள் உடைந்து நுரைக்கும் இடங்களுக்கு நடுவே ஓரிடம் மட்டும் அமைதியாக, கொஞ்சம் கருத்துத் தெரியும். பழக்கமில்லாதவர்கள் அதைப் பாதுகாப்பான இடம் என்று நினைத்து இறங்குவார்கள். நீரோட்டம் ஓடுவதே அந்த வழியில்தான். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாக நீந்தி வெளியே வர வேண்டும்.

தீவுகளும் அப்போது மூடிக்கிடக்கும். சிமிலன் தீவுகள் மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடல். பீபீ தீவுக்கூட்டத்தில் இருக்கும் மாயா பே, பவளப்பாறைகள் தேற 2018இல் மூடப்பட்டு 2022 ஜனவரியில் திறந்தது. இப்போதும் ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதமும் ஓய்வு. திறந்திருக்கும் நாளிலும் படகு நேரே அந்தக் கடற்கரைக்குப் போகாது. தீவின் பின்பக்கம் இறக்கிவிடுவார்கள், நடந்து வர வேண்டும். கடலில் இறங்கவும் கட்டுப்பாடு உண்டு. ஜூலை, ஆகஸ்டில் தாய்லாந்துதான் போக வேண்டும் என்றால் கிழக்கே வளைகுடாப் பக்கம் இருக்கும் கோ சாமுய் தீவைப் பாருங்கள். அங்கே கனமழை அக்டோபருக்குப் பிறகுதான்.

பாலியில் மழைக்காலம் வேறு மாதிரி. காலையில் வெயில் அடிக்கும், பிற்பகலில் இரண்டு மூன்று மணி நேரம் கொட்டித் தீர்க்கும். கோயில்களும், தீவின் உட்பகுதியில் இருக்கும் உபுத் ஊர்ப் பக்கத்து வயல்களும் அப்போதும் பார்க்கிற மாதிரிதான் இருக்கும், பச்சை இன்னும் கூடுதலாகவே. கெடுவது மூன்று விஷயங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மேற்குக் காற்று குட்டா, ஜிம்பாரன் கடற்கரைகளில் பிளாஸ்டிக் குப்பையைக் கொண்டுவந்து ஒதுக்கும். நூசா பெனிடா தீவுக்குப் போகும் படகுகள் ஆட்டம் போடும், சில நாள் ரத்தாகும். பாத்தூர் எரிமலையில் சூரிய உதயம் பார்க்க நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்குக் கிளம்பி 1,717 மீட்டர் உயரத்தில் இருக்கும் உச்சிக்கு ஏறிப்போனால், மேலே மேகம் மட்டும்தான் இருக்கும்.

கடலா, ரோடா?

மாதம் இரண்டுக்கும் ஒத்துவந்தால் அடுத்து பார்க்க வேண்டியது, பகல் பொழுதை எங்கே கழிக்கப் பிடிக்கும் என்பது. புக்கெட்–கிராபியில் நாள் முழுக்கப் படகில். பாலியில் நாள் முழுக்கக் காரில். விளம்பரப் படங்களில் இரண்டும் ஒரே நீலத் தண்ணீராகத் தெரிவதால்தான் ஏமாற்றமே வருகிறது.

பாலியின் பிரபலமான தென்மேற்குக் கரை அலைச்சறுக்கு விளையாடுகிறவர்களுக்கானது. பழுப்பு மணல், பெரிய அலை. குழந்தைகளோடு இறங்கிக் குளிக்க வேண்டும் என்றால் கிழக்கே சனூர் அல்லது நூசா துவா. அங்கே வெளியே பவளத்திட்டு அலையைத் தடுத்துவிடும். பாலியின் பலம் கரைக்கு உள்ளேதான். தெகாலாலாங் படிக்கட்டு வயல்கள், தீர்த்த எம்புல் ஊற்று, உலுவாத்துவில் சூரியன் மறையும் நேரத்தில் நடக்கும் கெசாக் நடனம். வாத்தியமே இல்லாமல் பல பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து “சக் சக்” என்று குரலாலேயே தாளம் போட, நடுவில் சீதையைக் கவர்ந்து போவதும் அனுமன் தீ வைப்பதும் நடக்கும்; கதை நமக்குத் தெரிந்தது என்பதால் மொழி தடையில்லை. ஆட்டம் ஆறு மணி வாக்கில் தொடங்கும், நல்ல இடம் வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். மூக்குக் கண்ணாடியைப் பைக்குள் வையுங்கள். அங்கே இருக்கும் குரங்குகள் பிடுங்கிக்கொண்டு, பழம் கொடுத்தால்தான் திருப்பித் தரும்.

கோயில் என்றதும் தரிசனம் எதிர்பார்த்துப் போகும் பெரியவர்களிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. பாலிக் கோயில்களில் நம் ஊர் மாதிரி மூலவர் கிடையாது. திறந்த முற்றம், வெற்று ஆசனங்கள். திருவிழா நாட்களில் தெய்வங்களை அழைத்து அமர்த்துவார்கள். உள்முற்றம் வழிபடுகிறவர்களுக்கு மட்டுமே. ஆண், பெண் யாராக இருந்தாலும் இடுப்பில் சாரோங் எனும் கைலி மாதிரித் துணியைக் கட்ட வேண்டும்.

கிராபியில் இதற்கெல்லாம் வேலையில்லை. ஆவ் நாங்கில் தங்கினால் ரெய்லே கடற்கரைக்கு நீளவால் படகு எனும் மர மோட்டார் படகில் கால் மணி நேரம், ஆளுக்கு 100 பாட். ரெய்லேவுக்கு ரோடே கிடையாது, சுற்றிலும் சுண்ணாம்புப் பாறை. டிக்கெட் வாங்கியதும் படகு கிளம்பாது, எட்டுப் பேர் சேர வேண்டும். நான்கு தீவுச் சுற்றுலாவில் எல்லோரும் ஆசைப்படுவது தலே வேக் மணல் திட்டு. கடல் வற்றும்போது மட்டும் தீவுகளுக்கு நடுவே மணல் எழும்பிப் பாதையாகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் அதிகம் வற்றுவதால் அப்போது நன்றாகத் தெரியும். தினசரிக் காலண்டரில் திதியைப் பார்த்து நாளையும், கிராபியின் அன்றைய ஓத அட்டவணையைப் பார்த்து நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நீர் ஏறிய நேரத்தில் போய்விட்டு “ஒன்றுமே இல்லை” என்று திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

ஸ்பீட்போட்டில் முன்பக்கம் உட்கார்ந்தால் முதுகுத்தண்டு பதம் பார்க்கப்படும். பின்பக்கம் நனைவீர்கள், ஆனால் குலுக்கல் குறைவு. வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி முன்னால் போட வேண்டும், குமட்டல் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. விலை பேசும்போது தேசியப் பூங்காக் கட்டணம் சேர்ந்ததா என்று கேளுங்கள். பீபீ பக்கம் பெரியவர்களுக்கு 400 பாட், குழந்தைகளுக்கு 200. படகில் ஏறிய பிறகு இந்தத் தொகையைக் கேட்கும்போதுதான் சண்டை வருகிறது.

விசா, பணம், விமானம்

 இந்தியர்கள் விசா இல்லாமலே 60 நாள் தங்கலாம் என்று தாய்லாந்து 2024 ஜூலையில் அறிவித்தது. இந்த விதி மாறக்கூடியது என்பதால், டிக்கெட் போடும் வாரத்தில் தூதரகத்தின் இணையப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். 2025 மே முதல் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் இல்லை.

பாலியில் வந்திறங்கி எடுக்கும் விசா ஆளுக்கு 5 லட்சம் ருபியா, 30 நாளுக்கு. இணையத்தில் முன்பே எடுத்தால் வரிசை மிச்சம். அதோடு 2024 பிப்ரவரி முதல் சுற்றுலா வரி 1.5 லட்சம் ருபியா. குழந்தைகளுக்கும் இரண்டும் உண்டு. நான்கு பேர் குடும்பத்துக்கு 26 லட்சம் ருபியா, நம் பணத்தில் ஏறக்குறைய 14,000 ரூபாய், ஊரைப் பார்க்கும் முன்பே போய்விடும். ருபியாவில் மூன்று பூஜ்யத்தை வெட்டி ஐந்தரையால் பெருக்கினால் நம் ரூபாய்க் கணக்கு தோராயமாக வரும். பாட் என்றால் மூன்றால் பெருக்குங்கள், கொஞ்சம் கூடுதலாகவே வரும், பரவாயில்லை.

டாலராகக் கொண்டுபோவது நல்லது. பாலியில் மடிப்பு விழுந்த, பேனாக் கோடு பட்ட நோட்டை வாங்க மாட்டார்கள். குட்டாவின் சந்துகளில் வெளியே மிக நல்ல விலை எழுதியிருக்கும் மாற்றுக் கடைகளில் ஏமாற்று நடப்பது மேஜையில்தான். சின்ன நோட்டுகளாக எண்ணி அடுக்கி, கடைசியில் ஒருமுறை கையில் எடுத்துத் தட்டி நேர்செய்யும்போது சிலவற்றை மேஜைக்குப் பின்னால் தள்ளிவிடுவார்கள். நீங்கள் எண்ணிய பிறகு அவர் கை படக் கூடாது. தாய்லாந்தில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் வெளிநாட்டு அட்டைக்கு ஏடிஎம் ஒவ்வொரு முறையும் 220 பாட்டோ அதற்கு மேலோ பிடிக்கும், எடுக்கிறதை மொத்தமாக எடுங்கள்.

விமானத்தில் தாய்லாந்து எளிது. சென்னையிலிருந்து பாங்காக் நேரடியாக மூன்றரை மணி நேரத்துக்குள். அங்கிருந்து புக்கெட்டோ கிராபியோ ஒன்றரை மணி நேரம். பாலிக்குப் பெங்களூரிலிருந்து இண்டிகோ 2024இல் நேரடி சேவை தொடங்கியது. சென்னைக்காரர்கள் பெரும்பாலும் சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூரில் மாறிப் போகிறார்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. மலிவாக இருக்கிறதே என்று இரண்டு தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால், நடுவில் பெட்டியை வாங்கி மறுபடி செக்-இன் செய்ய அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டிவரும். சிங்கப்பூருக்கு இந்தியர்களுக்கு விசா வேண்டும். அது இல்லாமல் சென்னை கவுன்டரிலேயே ஏற்ற மறுக்கலாம். ஒரே பி.என்.ஆரில் போட்டுவிட்டால் இந்தப் பிரச்சினை இல்லை. மார்ச்சில் பாலி போகிறவர்கள் ஞெப்பி நாளையும் பார்க்க வேண்டும். அது சாலிவாகன சக ஆண்டுக் கணக்கில் பாலியின் புத்தாண்டு, ஊரே அடங்கும் மௌன நாள்; பெரும்பாலும் நம் யுகாதியை ஒட்டியே வரும். காலை ஆறு மணி முதல் மறுநாள் ஆறு மணி வரை விமான நிலையமே மூடல், ஹோட்டலை விட்டு வெளியே வரக் கூடாது.

சாப்பாடு

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டு ஊரும் சொர்க்கம், அதைப் பேச வேண்டியதில்லை. ஹலால் பார்க்கிறவர்களுக்குக் கிராபி மிகச் சுலபம், முஸ்லிம்கள் நிறைய வாழும் பகுதி. பாலியில் பன்றி இறைச்சி பரவலாக இருப்பதால் ஹலால் பலகையோ, சுமத்ரா முஸ்லிம் சமையல் கிடைக்கும் பாடாங் உணவகமோ தேட வேண்டும்.

சைவத்துக்கு உபுத் முந்துகிறது. தெம்பே எனும் புளிக்கவைத்த சோயாக் கட்டி, டோஃபு, காய்கறி என்று சைவக் கடைகளே நிறைய. மற்ற இடங்களில் சம்பலில் தெராசி எனும் இறால் விழுது இருக்கும். கடோ-கடோ எனும் கடலைச் சாறு ஊற்றிய காய்கறித் தட்டின் மேல் வைக்கிற பொரித்த அப்பளம்கூட இறால் அப்பளமாக இருக்கலாம். தாய்லாந்தில் மீன் சாறு கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் விழும், பப்பாளிக்காய் சாலட்டில் காய்ந்த இறாலும் சேரும். “வெஜிடேரியன்” என்று சொல்வதைவிட “ஜே” என்று சொன்னால் பிடித்துக்கொள்வார்கள். அதில் மீன் சாறும் கிடையாது, முட்டையும் கிடையாது; வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இருந்தால் அது ஜே கடை. புக்கெட்டில் ஒன்பது நாள் சைவ உணவுத் திருவிழா, பல ஆண்டுகளில் நம் நவராத்திரி நாட்களிலேயே வரும். தெருவெல்லாம் ஜே சாப்பாடு. அலகு குத்துவதும் தீமிதிப்பதும் உண்டு. மழைக்காலத்தில் புக்கெட் போவதற்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறதென்றால் இதுதான்.

ஊருக்குள் சுற்ற

பாலியில் பத்து மணி நேரத்துக்கு டிரைவரோடு கார் 6 முதல் 8 லட்சம் ருபியா, நான்கு பேர் பகிர்ந்தால் மலிவு. தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிடாதீர்கள். விமான நிலையத்திலிருந்து உபுத் 40 கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் ஒன்றரை மணி நேரமாவது பிடிக்கும். உபுத்தில் மூன்று இரவு, தெற்கில் மூன்று இரவு என்று பிரித்துத் தங்காமல் ஒரே இடத்திலிருந்து தினமும் போய்வந்தால் விடுமுறையில் பாதி நெரிசலில் போகும். புக்கெட்டில் டுக்டுக் விலை கண்ணைக் கட்டும். விமான நிலையத்திலிருந்து மேற்குக் கடற்கரைகளுக்கு 100 பாட்டில் ஸ்மார்ட் பஸ் ஓடுகிறது. மற்றதற்கு கிராப் அல்லது போல்ட் டாக்ஸி செயலி.

ஸ்கூட்டர் இரண்டு ஊரிலும் கேள்வி கேட்காமல் கொடுப்பார்கள். பாஸ்போர்ட்டை அடமானமாக வைக்காதீர்கள். ஆர்.டி.ஓ. தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியில் இருசக்கர வாகனப் பிரிவு இல்லாமல் ஓட்டி விழுந்தால், பயணக் காப்பீடு கைவிரித்துவிடும். பாத்தோங்கில் ஜெட் ஸ்கீ எடுத்தால் கிளம்பும் முன் நாலாபக்கமும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கீறலுக்குப் பணம் கேட்பது அங்கே பழகிப்போன வியாபாரம்.

மூட்டுவலி இருக்கும் பெற்றோரோடு போகிறவர்கள் நீளவால் படகைத் தவிர்க்கலாம். முழங்கால் தண்ணீரில் நின்று, ஆடும் ஏணியில் ஏற வேண்டும். பீபீக்கு ஸ்பீட்போட்டை விட்டுவிட்டு பெரிய ஃபெர்ரியில் போனால் இரண்டு மணி நேரம் ஆகும், ஆனால் துறையிலிருந்து நடந்தே ஏறலாம். பாலி என்றால் நூசா பெனிடாவின் கெலிங்கிங் கடற்கரையை மேலிருந்து பார்ப்பதோடு நிறுத்துங்கள், கீழே இறங்கும் பாதை செங்குத்து. தங்குவதற்குச் சனூர் நல்லது. கடலோரமாகவே சமதளத்தில் நீண்ட நடைபாதை இருக்கிறது, நூசா பெனிடாவுக்குப் படகும் அங்கிருந்தே கிளம்புகிறது.