மெரினோ கம்பளி என்று சொல்லி அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் இழையைத் தலையில் கட்டிவிட்டார்கள் – போர்வை வாங்குகிறவர்கள் படியுங்கள்

கை இன்னும் நடுங்குகிறது. கால் மணி நேரத்துக்கு முன்னால்தான் கடைசி பதில் வந்தது: "இந்தப் பொருளுக்குப் பணத்தைத் திருப்பித் தர இயலாது." என் மாதச் சம்பளத்தில் கால் பங்கு. ஒரே ஒரு போர்வைக்காகக் கால் மாதச் சம்பளம் போயிற்று. ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். நல்ல கம்பளியை எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

போர்வை அம்மாவுக்கு. மூட்டு வலி, குளிர் பட்டால் இரவெல்லாம் தூக்கம் இல்லை. வீட்டில் இருக்கும் பழைய கம்பளி சூடு கொடுக்கும், ஆனால் குத்தும். கழுத்தில் பட்ட இடமெல்லாம் சிவந்துபோகும். அதனால்தான் மெரினோ தேடினேன், மெரினோ இன ஆட்டின் மெல்லிய கம்பளி. இரண்டு வாரம் படித்தேன். இழை சுமார் 30 மைக்ரானைத் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டித் தடித்தால் அதன் நுனி வளையாமல் தோலைக் குத்துமாம். மெரினோ இழை பெரும்பாலும் 24 மைக்ரானுக்குள்ளேயே இருக்கும், நம் தலைமுடியில் பாதி தடிமன்கூட இல்லை. சுருள் சுருளான இழைகளுக்கு நடுவில் காற்று தங்குவதால் சூடும் நிற்கும். இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் போய் ஏமாந்தேன், அதுதான் தாங்க முடியவில்லை.

வீட்டு உபயோகத் துணிகள் மட்டும் விற்கும் ஓர் ஆன்லைன் கடை. புகார் கொடுக்கப் போவதால் பெயர் வேண்டாம். அவர்கள் இணையப் பக்கத்தில் "100% மெரினோ கம்பளி, 500 ஜிஎஸ்எம்" (அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 500 கிராம் எடை) என்று பெரிதாகப் போட்டிருந்தது. அப்போதும் உடனே வாங்கிவிடவில்லை. சாட்டில் கேட்டேன்: "அக்ரிலிக் கலப்பு ஏதாவது இருக்கா? வயசான அம்மாவுக்கு, அதான் கேக்குறேன்." இரண்டே நிமிடத்தில் பதில்: "மேடம், அம்மாவுக்குன்னு சொல்றீங்க. எங்க வீட்லயும் அம்மா இதேதான் போத்திக்கிறாங்க. நூத்துக்கு நூறு மெரினோ. கண்ணை மூடிட்டு வாங்குங்க."

எங்க வீட்லயும் அம்மா. அந்த ஒரு வார்த்தையில்தான் நான் சாய்ந்தேன். கூடவே ஒரு வீடியோ அனுப்பினார்கள். ஒரு கை போர்வையை இறுக்கிப் பிடிக்கிறது, விடுகிறது, அது பொசுபொசுவென்று எழும்புகிறது. "முழுத் தொகையும் நேரா அக்கவுன்ட்ல போட்டா நாளைக்கே அனுப்பிடுவோம் மேடம்." குளிர் தொடங்கிவிட்டதே என்ற அவசரத்தில் அனுப்பிவிட்டேன். கால் மாதச் சம்பளம்.

பார்சல் வந்தது. தொட்டால் மெத்தென்று பூனைக்குட்டி போல இருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அம்மா முதல் ராத்திரியே போர்த்திக்கொண்டார். விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பினார்: "ஏன்டி, மொதல்ல வேர்த்துக் கொட்டுச்சு, இப்ப ஜில்லுனு இருக்கு. இது கம்பளியா?" தொட்டுப் பார்த்தேன், உள்பக்கம் பிசுபிசுவென்று ஈரம். நல்ல கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை ஈரத்தை இழைக்குள் இழுத்துக்கொண்டும் கைக்கு ஈரமாகத் தெரியாது. இது ஒரு சொட்டைக்கூட இழுக்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் போர்வையை உதறினேன். படபடவென்று நீலப் பொறி பறந்தது, செயற்கை இழையில் எளிதில் சேரும் நிலைமின்சாரம்.

விடியும்வரை காத்திருக்க முடியவில்லை. ஓரத்தையெல்லாம் விரலால் தடவிக்கொண்டே போனேன். ஒரு மூலையில், மடித்துத் தைத்த இடத்தில், நகம் அளவுக்கு வெள்ளை ரிப்பன் துண்டு மாட்டியிருந்தது. லேபிளைக் கத்தரியால் வெட்டி எடுத்திருக்கிறார்கள். வெட்டிய விளிம்பில் ஒரு எழுத்தின் வால் மட்டும் மிச்சம்.

சமையலறைத் தராசில் வைத்தேன். நீளம் 2.2 மீட்டர், அகலம் 1.5 மீட்டர், அதில் குறையில்லை. 3.3 சதுர மீட்டருக்கு 500 ஜிஎஸ்எம் என்றால் 1.65 கிலோ வர வேண்டும். தராசு காட்டியது 1.1 கிலோ. எடையிலேயே மூன்றில் ஒரு பங்கைக் காணோம்!

பிறகு அந்த மூலையிலிருந்து ஒரே ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி காட்டினேன். கம்பளியும் நம் முடியும் ஒரே மாதிரிப் புரதம். அதனால் கம்பளி நூல் முடி கருகும் நாற்றம் அடிக்கும், மெதுவாக எரியும், தீயை எடுத்தால் தானே அணையும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். இந்த நூல் பொசுக்கென்று பற்றி, உருகி, சுருண்டு, கறுப்பாக ஒரு குட்டி உருண்டை ஆனது. பிளாஸ்டிக் எரிந்த மாதிரி ஒரு காட்டமான நெடி. ஆறிய பிறகு நசுக்கிப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. பழைய கம்பளியிலிருந்தும் ஒரு நூல் எடுத்து எரித்தேன். அது பொடிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால்தான் இவர்கள் யாரென்று புரியும். முதல் பதில்: "ஒரிஜினல் கம்பளியும் சாஃப்டாத்தான் மேடம் இருக்கும்." அடுத்து, "தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம், 48 மணி நேரம் பொறுங்கள்." நான்கு நாள் ஆனது. பிறகு வேறொருவர் வந்து, நடந்ததை முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார். சொன்னேன். எல்லாப் படத்தையும் மறுபடி அனுப்பினேன். "லேபிள் இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்." லேபிளை வெட்டியதே நீங்கள்தானே என்று கேட்டேன். அதற்குப் பதிலே இல்லை. எரித்துப் பார்த்த வீடியோவை அனுப்பினேன். அதைப் பிடித்துக்கொண்டார்கள்: "வாடிக்கையாளரே தீ வைத்துச் சேதப்படுத்திய பொருள்." ஒரு நூல்! எங்கிருந்து உருவினேன் என்று எனக்கே இப்போது கண்டுபிடிக்க முடியாத ஒரு நூல். கேட்கக் கேட்க வயிறு எரிகிறது.

'எங்க வீட்லயும்' சொன்ன ஆள் என்னை பிளாக் செய்துவிட்டார். கடைப் பக்கத்தைத் திறந்தால் "100% மெரினோ கம்பளி" இருந்த இடத்தில் இப்போது "மெரினோ டச்" என்று இருக்கிறது. பழைய பக்கத்தை நான் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைக்கவில்லை. சாட்டில் அவர்கள் எழுதிய அந்த "நூத்துக்கு நூறு" மட்டும்தான் என்னிடம் இருக்கிறது. கடைக்கு வெளியே நேராக அக்கவுன்டுக்கு அனுப்பியதால், "நீங்களே அனுப்பிய தொகை" என்று வங்கியிலும் கையை விரித்துவிட்டார்கள். கால் மாதச் சம்பளம். அம்மாவிடம் இன்னும் தொகையைச் சொல்லவில்லை.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அந்த நிதானம் இல்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். தொட்டால் மெத்தென்று இருக்கிறதே என்று முடிவு செய்யாதீர்கள். அக்ரிலிக்கை மெல்லிசாக நூற்று, மேலே பிரஷ் போட்டு முடி எழுப்பி, மென்மையாக்கும் திரவத்தில் முக்கி எடுத்தால் கம்பளியைவிட மெத்தென்று இருக்கும். "டச்", "ஃபீல்", "லைக்" என்று பெயரில் வால் இருந்தால் அது கம்பளி இல்லை. கம்பளிக்கான தரச்சான்றாக 1964-இல் வந்த வுல்மார்க் போன்ற முத்திரை படத்தில் இருந்தால் போதாது, போர்வையில் தைத்த லேபிளில் இருக்க வேண்டும். அந்த லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், சாக்குச் சொன்னால் விட்டுவிடுங்கள். பணம் கட்டும் முன் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். பிரிக்கும்போது வீடியோ எடுங்கள், முதல் வேலையாகத் தராசில் வையுங்கள். எரித்துப் பார்ப்பதாக இருந்தால் உதிர்ந்த நூலை எரியுங்கள், வீடியோவை அவர்களுக்கு அனுப்பாதீர்கள். நேராக அக்கவுன்டில் போடச் சொன்னால் போடாதீர்கள், எவ்வளவு அன்பாகப் பேசினாலும்.

நாளைக் காலை நுகர்வோர் புகார் எழுதப் போகிறேன். அந்தக் கறுப்பு உருண்டையையும் வெட்டுப்பட்ட ரிப்பன் துண்டையும் ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.