காசு கேட்கும் பயிற்சியும் காசு தரும் லேபும்

உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு லீவு வந்தாலே 'இன்டர்ன்ஷிப்' விளம்பரங்கள் வாட்ஸ்அப்பில் குவியும். அப்படி ஒன்றுக்கு எங்கள் வகுப்பே பணம் கட்டிப் போனது. பெயர் வேண்டாம். டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கும் ஒரு பி.சி.ஆர். மெஷின், அதைச் சுற்றி நாங்கள் எல்லோரும். துளித்துளியாகத் திரவம் அளக்கும் பிப்பெட்டை ஆளுக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்தோம். ஜெல்லில் வந்த பட்டையைப் போட்டோ எடுத்துக்கொண்டோம், அது யாருடைய டி.என்.ஏ. என்று சொல்லித்தர ஆள் இல்லை. சான்றிதழ் மட்டும் தங்க நிற பார்டரோடு ஜம்மென்று இருந்தது.

அடுத்த கோடையில் போனது வேறு உலகம். பெங்களூரின் இந்திய அறிவியல் அகாடமி (சி.வி. ராமன் 1934இல் தொடங்கியது), டெல்லியின் இந்திய தேசிய அறிவியல் அகாடமி, பிரயாக்ராஜின் தேசிய அறிவியல் அகாடமி ஆகிய மூன்று அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு உதவித்தொகைத் திட்டம் அது. இரண்டு மாதம். நாம் காசு கட்ட வேண்டியதில்லை. மாதா மாதம் கணக்கிட்டு உதவித்தொகை உண்டு, போக வர ரயில் செலவும் உண்டு. நாடு முழுக்க உள்ள விஞ்ஞானிகளில் ஒருவரின் லேபில் சேர்த்துவிடுகிறார்கள். நாம் விரும்பும் கைடுகளின் பெயரை விண்ணப்பத்திலேயே சொல்லலாம்.

எனக்குக் கிடைத்தது பெங்களூரில் ஒரு ஈ லேப். பழ ஈ, அதாவது டிரோசோபிலா. உள்ளே நுழைந்ததும் ஈஸ்ட்டும் சோளமாவும் வெல்லமும் கொதிக்கும் வாசனை. ஈக்களுக்குச் சாப்பாடு காய்ச்சுகிறார்கள். முதல் வாரம் முழுக்க எனக்கு வேலை கன்னி ஈ பொறுக்குவதுதான். பெண் ஈ ஒரு தடவை சேர்ந்துவிட்டால் அந்த விந்தைப் பல நாள் உடம்பிலேயே வைத்திருக்கும். அப்புறம் நாம் எந்த ஆணோடு விட்டாலும் குஞ்சுகளுக்கு அப்பா யார் என்று சொல்ல முடியாது. 25 டிகிரியில் கூட்டை விட்டு வந்து ஏறத்தாழ 8 மணி நேரத்துக்குள் பிடித்துவிட வேண்டும். கார்பன் டை ஆக்சைடில் மயக்கி, மைக்ரோஸ்கோப்பின் கீழே பெயிண்ட் பிரஷ்ஷால் புரட்டிப் பார்த்தால், புதுசாகப் பிறந்ததன் வெளிறிய வயிற்றுக்குள் ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். அதுதான் அடையாளம். இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை. என்னோடு உட்கார்ந்து காட்டியது ஒரு பி.எச்டி. அக்கா.

மெண்டலின் மரபியல் விதிகளை மனப்பாடம் செய்தவர்களுக்கு அங்கே ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. இரண்டாம் குரோமோசோமில் 'சிஒய்ஓ' என்ற பேலன்சர் (ஜீன்கள் இடம் மாறிக் கலந்துவிடாதபடி மாற்றியமைத்த குரோமோசோம்) இருந்தால் ஈயின் இறக்கை சுருண்டிருக்கும். அப்படிப்பட்ட ஆணையும் பெண்ணையும் சேர்த்தால் சுருள் இறக்கையும் நேர் இறக்கையும் 3:1 வரும் என்று எழுதி வைத்திருந்தேன். எண்ணினால் 2:1 பக்கம்தான் நிற்கிறது. அப்பா, அம்மா இரண்டு பக்கமும் பேலன்சர் வாங்கிய குஞ்சு பிழைப்பதே இல்லையாம். எண்ணி முடித்துக் கழுத்து வலித்த அந்த மாலைதான் மரபியல் எனக்கு வெறும் பாடமாக இல்லாமல் போனது.

இனி குறைகள். எட்டு வாரம் போதாது. 25 டிகிரியில் ஒரு தலைமுறைக்கே பத்து நாள். கன்னி ஈ சேர்க்கும் நாள்களையும் கூட்டினால் நாலு கிராஸ் (ஆணையும் பெண்ணையும் சேர்த்துவிடும் சுற்று) தாண்டாது. அதில் ஒன்று பூஞ்சை பிடித்துவிட்டால் கதை முடிந்தது. ஆய்வுக் கட்டுரையில் பெயர் வரும் என்ற கனவோடு போகாதீர்கள். தங்குமிடம் அந்தந்த நிறுவனத்தைப் பொறுத்தது, சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். எனக்கு ஹாஸ்டல் அறை கிடைக்காமல் பி.ஜி. (பேயிங் கெஸ்ட்) அறை தேடி அலைந்ததில் உதவித்தொகையில் பெரும்பங்கு வாடகைக்கே போனது. கைடைப் பார்ப்பதும் அபூர்வம். வாரக் கூட்டத்தில் முகம் தெரியும், அவ்வளவுதான்.

அதனால்தான் சொல்கிறேன், பெரிய பெயரை மட்டும் பார்த்து கைடைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் கோடை பி.எச்டி. மாணவர் ஒருவர் கையில்தான் இருக்கப்போகிறது. இடம் கிடைத்ததும் கைடுக்கு மெயில் போட்டு, "தினமும் யாரோடு வேலை செய்வேன், என்ன உயிரி, என்ன கேள்வி?" என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் வந்தால் நல்ல லேப். என் நண்பன் போன லேபில் பொறுப்பாளர் யாரென்றே முடிவாகவில்லை. அவன் கோடை முழுக்கக் கண்ணாடிக் குழாய் கழுவினான்.

இந்த அகாடமித் திட்டம் கிடைக்காவிட்டாலும் வழி இருக்கிறது. பெங்களூரின் ஜவஹர்லால் நேரு உயராய்வு மையமும் மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையமும் தனியாகக் கோடைத் திட்டம் நடத்துகின்றன. உயிரியலுக்கும் இடம் உண்டு. எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் கோடைக்கு வெகு முன்பே முடிந்துவிடும், தீபாவளி முடிந்ததும் அவர்கள் இணையதளத்தை ஒரு கண் பார்த்து வையுங்கள். பரிந்துரைக் கடிதத்துக்கு உங்கள் பிராக்டிகல் நோட்டைத் திருத்திய மேடத்திடம் போங்கள். முதல்வர் கையெழுத்து எடுப்பாக இருக்கும், ஆனால் உங்களைப் பற்றி எழுத அவருக்கு ஒன்றும் இருக்காது.