ஃப்ரேமிங் நெய்லர் வாங்குமுன் ஆணியைப் பாருங்கள்

சென்னை பாரிமுனைப் பக்கம் லிங்கி செட்டி தெருவிலோ செம்புதாஸ் தெருவிலோ போய் வெறுமனே "நெய்ல் கன்" என்று கேட்டால், எஃப்30 பிராட் நெய்லரோ எஸ்டி64 கன்னோ கைக்கு வந்துவிடும். முன்னது பீடிங் அடிக்க, பின்னது சுவரில் ரீப்பர் அடிக்க. சட்டம் கூட்டும் வேலைக்கு இரண்டும் உதவாது. கம்ப்ரஸர் காற்றின் அழுத்தத்தால் 2 முதல் 3½ அங்குல ஆணியைக் கட்டை மரத்தில் தலை பதியும்வரை ஒரே அடியில் இறக்குவதுதான் ஃப்ரேமிங் நெய்லர். அதனால் ஆணியின் நீளத்தையும் மரத்தையும் சொல்லிக் கேளுங்கள்.

இதற்கு இங்கே வேலை இருக்கும் இடங்கள்: ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு), பேக்கிங் பெட்டிப் பட்டறைகள், சினிமா செட், நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் போடும் கண்காட்சி ஸ்டால், மொட்டை மாடியில் பைன் மரத்தில் எழுப்பும் கூடாரம். தேக்கு, வேங்கை நிலைக்கதவுக்கு இது வேண்டாம். அங்கே துளையும் கழுந்தும் செய்யும் வேலையை ஆணி செய்யாது. தவிர, இந்த கன்கள் பைன் போன்ற மென்மரத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. காய்ந்த கடின மரத்தில் ஆணி பாதியில் நிற்கும், அல்லது வளைந்து பக்கவாட்டில் வெளியே வரும்.

சென்டரிங் வேலைக்கு வாங்க நினைப்பவர்கள் சற்று நிதானிக்க வேண்டும். கன் ஆணிகள் பலவற்றில் பிசின் பூச்சு உண்டு. அடிக்கும் வேகத்தின் சூட்டில் அது இளகி மரத்தோடு ஒட்டிக்கொள்கிறது. பலகை பிரிக்கும்போது ஆணி வராது, ப்ளைதான் பிய்ந்து வரும். ஷட்டரிங் பேனல்களுக்குப் பின்சட்டம் கூட்ட மட்டும் இதைப் பயன்படுத்தலாம். பிரிக்க வேண்டிய இடத்தில் சுத்தியலே போதும்.

இனி ரகங்கள். ஆணிகளை வரிசையாகக் கோத்த பட்டையில் ஓடும் பட்டை ஆணி கன்களில், வரிசை சாயும் கோணத்தைப் பொறுத்து 21 டிகிரி பிளாஸ்டிக் பட்டை, 28 டிகிரி கம்பிப் பட்டை, 30 முதல் 34 டிகிரி வரையிலான காகிதப் பட்டை என மூன்று வகை. ஒன்றின் ஆணி மற்றதில் ஓடாது. கோணம் மாறினால் ஆணி சரிவாக வந்து வாயில் சிக்கும். காகிதப் பட்டை நம் ஊர் ஈரத்துக்குச் சரிவராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பெட்டியைத் திறந்து வைத்தால் காகிதம் ஊறி, பட்டை தொய்ந்து, ஃபீட் ஆகாமல் நிற்கும். பட்டை கன்தான் வேண்டுமென்றால் 21 டிகிரியே நல்லது. ஆணித் தலையும் முழு வட்டமாக இருக்கும்.

அந்த வகையில் ஹிட்டாச்சி பெயரில் வந்து, இப்போது ஹைகோகி என்றும் அமெரிக்காவில் மெட்டபோ எச்பிடி என்றும் வரும் என்ஆர்90ஏஇ அருமையான கருவி. எடை சுமார் 3.4 கிலோ, ஒரு கையில் அடக்கமாக நிற்கும். போஸ்டிச் எஃப்21பிஎல் கொஞ்சம் கனம், ஆனால் மூக்கை மாற்றி, மரங்களை இணைக்கும் உலோகத் தகடுகளின் துளை வழியாகவும் அடிக்கலாம். இரண்டிலும் குறை கருவியில் இல்லை, ஆணியில்தான். பட்டை ஆணி இங்கே எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த கன் பல வீடுகளில் சும்மா கிடப்பதற்கு இதுவே காரணம்.

ஆகவே சென்னையில் பெரும்பாலானவர்களுக்கு எங்கள் தேர்வு, ஆணிகளைக் கம்பியில் கோத்துச் சுருளாகப் போடும் 15 டிகிரி காயில் நெய்லர்: 70 மி.மீ. ஆணி வரை போதுமென்றால் சிஎன்70, அதற்கு மேல் 83 மி.மீ. வரை சிஎன்80. பேலட் பட்டறைகள் நாள் முழுக்க ஓட்டுவதால் காயில் ஆணியும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) கிட்டும் ஆணியை அடிக்கும் டிரைவர் பிளேடும் தேடி அலையாமல் கிடைக்கும். ஒரு காயிலில் 200க்கு மேல் ஆணி, பட்டை கன்னில் 60, 70தான். கனம் கூடுதல் என்பது உண்மை. தலைக்கு மேல் தூக்கி அடிக்கும் வேலையில் தோள் வலிக்கும். ஆணி நீளம் மாறும்போது மேகசினுக்குள் இருக்கும் தட்டின் உயரத்தையும் மாற்ற வேண்டும். அதை மறப்பதால்தான் "கன் ஆணி விழுங்குது" என்ற புகார் பெரும்பாலும் வருகிறது.

கடற்கரையோர வேலைக்கு, திருவான்மியூரோ ஈசிஆரோ, சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஆணி கேளுங்கள். மினுமினுப்பான மின்பூச்சு ஆணி உப்புக்காற்றில் சீக்கிரம் துருவேறும். பேலட்டுக்கு வரி போட்ட ரிங் ஷாங்க் ஆணி, பிடி விடாது.

காற்று விஷயத்தில்தான் பணம் வீணாகிறது. இந்த அளவு கன் 60 ஆணிக்குச் சுமார் 5, 6 கன அடி காற்று குடிக்கும். நிமிடத்துக்கு 20 ஆணி என்றால் 2 சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு 2 கன அடி. எனவே ஒரு கன்னுக்கு 90 பிஎஸ்ஐ அழுத்தத்தில் உண்மையாக 4 சிஎஃப்எம் தரும் கம்ப்ரஸர் தாராளம். பெயர்ப்பலகையில் எழுதியிருப்பது பெரும்பாலும் பிஸ்டன் உள்ளே இழுக்கும் காற்றின் கணக்கு. வெளியே வருவது அதில் மூன்றில் இரண்டு பங்கு போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் 90 முதல் 100 பிஎஸ்ஐ, 120ஐத் தாண்டவே கூடாது. கடைகளில் தரும் நீல நிற 8 மி.மீ. பியூ டியூபின் உள்விட்டம் 5 மி.மீ.தான். அதில் 15 மீட்டர் இழுத்தால் ஆணித்தலை வெளியே துருத்தி நிற்கும், பழி கன் மேல் விழும். உள்விட்டம் 8 முதல் 10 மி.மீ. உள்ள ஹோஸ் போடுங்கள். ஹோஸ் இணைப்பின் மரை அமெரிக்க கன்னில் என்பிடி ரகம், இங்கே பிஎஸ்பி ரகம். கால் அங்குலத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஒன்றில் மற்றதைப் போட்டால் இரண்டு சுற்றில் இறுகும், வலிந்து திருகினால் கன் உடம்பின் மரை போய்விடும்.

வாங்கும்போது காற்றை இணைத்துக் காதில் கேளுங்கள். சும்மா இருக்கையில் எக்ஸாஸ்ட் வழியே கசிந்தால் ஹெட் வால்வின் ஓ-ரிங் பழுது, விசைப்பக்கம் கசிந்தால் ட்ரிகர் வால்வு பழுது. அடித்து முடித்ததும் மூக்கின் பாதுகாப்பு முனை தானே வெளியே குதிக்க வேண்டும். விசை, முனையை முதலில் அழுத்திப் பிறகு இழுத்தால் மட்டுமே சுடும் வகையாக இருக்கட்டும். விசையைப் பிடித்தபடி தட்டித் தட்டி அடிக்கும் வகை வேகமானது, ஆனால் எதிரடியில் இரண்டாவது ஆணி எங்கே போகும் என்று சொல்ல முடியாது. மரத்தைப் பிடிக்கும் கை ஒரு அடி தள்ளியே இருக்கட்டும். பட்டையின் பிளாஸ்டிக்கும் காயிலின் கம்பித் துண்டும் முகத்துக்கே தெறிக்கும், கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். சிக்கிய ஆணியை எடுக்குமுன் ஹோஸைக் கழற்றிவிடுங்கள்.

காலையில் ஐந்து சொட்டு, மதியம் ஐந்து சொட்டு ஏர் டூல் ஆயில் காற்று நுழையும் வாயில் விடவும். வண்டிக்கு ஊற்றும் இன்ஜின் ஆயில் ஓ-ரிங்கை உப்ப வைத்துவிடும். மாலையில் கம்ப்ரஸர் தொட்டியின் அடித் திருகைத் திறந்துவிட்டால், சென்னைப் புழுக்கத்தில் ஒரே நாளில் எவ்வளவு தண்ணீர் சேர்கிறது என்று தெரியும். திறக்காமல் விட்டால் அந்தத் தண்ணீர் கன்னுக்குள் போகும்.