அமெரிக்க ஊனமுற்றோர் உதவித்தொகை: தனியாகவா, வழக்கறிஞருடனா?

அமெரிக்காவில் நோயால் வேலையிழந்தவர் அரசின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் உதவித்தொகை கேட்டுத் தானே விண்ணப்பிக்கலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. நோய் குறைந்தது 12 மாதம் நீடிக்கும் அல்லது உயிரைப் பறிக்கும், அதனால் வேலை செய்ய இயலாது என்று நிறுவ வேண்டும். தசைகளை முடக்கும் ஏ.எல்.எஸ். போன்ற நோய்களை நிர்வாகமே விரைந்து பரிசீலிக்கிறது. மருத்துவ ஆவணங்கள் ஒழுங்காக இருந்தால், அத்தகையவருக்கு முதல் படியிலேயே வழக்கறிஞர் எதற்கு?

முதுகுவலி, மனச்சோர்வு என்றால் கதையே வேறு. முதல் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை நிராகரிக்கப்படுகின்றன. 60 நாட்களுக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். அதுவும் கைகொடுக்காவிட்டால் நிர்வாகச் சட்ட நீதிபதி முன் விசாரணை. அங்கே தொழில் வல்லுநர் ஒருவர், இவரால் இன்னின்ன வேலைகளைச் செய்ய முடியும் என்று சாட்சி சொல்லக்கூடும். வலியோடு உட்கார்ந்திருப்பவர் அவரை எப்படிக் குறுக்கு விசாரணை செய்வார்? வழக்கறிஞரின் அருமை தெரிவது இங்கேதான். வெல்லக்கூடிய வழக்குகளையே அவர்கள் தேர்ந்தெடுப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

வழக்கமான ஒப்பந்தப்படி, வென்றால் மட்டுமே வழக்கறிஞருக்குக் கட்டணம்: முடிவு வரும்வரை சேர்ந்த நிலுவைத் தொகையில் 25 சதவீதம், 2024 நவம்பர் இறுதியிலிருந்து உச்சவரம்பு 9,200 டாலர். வழக்கு இழுக்க இழுக்க நிலுவை வளரும், உச்சவரம்பு வரை அவர் பங்கும் வளரும். வருங்கால மாதத் தொகையில் அவருக்குப் பங்கில்லை. மருத்துவ ஆவண நகல்களுக்கான செலவு தனி. தோற்றாலும் அதைக் கேட்பார்களா என்று கையெழுத்திடும் முன்பே விசாரித்துவிடுங்கள்.