ஏர்டிராப்: தட்டுவதா, நோடு ஓட்டுவதா, பயன்படுத்துவதா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலோ புதுச்சேரி லாஸ்பேட்டையிலோ இருக்கும் ஒருவரிடம் பத்தாயிரம் ரூபாயும் தினம் அரைமணி நேரமும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏர்டிராப்புக்கு, அதாவது ஒரு கிரிப்டோ திட்டம் தன் பயனாளர்களுக்கு இலவசமாகப் பிரித்துத் தரும் காயினுக்கு, அவர் எந்த வழியில் போகலாம்?

டெலிகிராமில் திரையைத் தட்டும் விளையாட்டுகளுக்கு முதல் போட வேண்டியதில்லை. 2024 மே மாதம் அப்படியொரு விளையாட்டான நாட்காயினின் காயின் வந்தபோது, ஆரம்பத்திலேயே தட்டியவர்களுக்கு உருப்படியான தொகை கிடைத்தது. அதைப் பார்த்து எல்லோரும் வந்துவிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 26-ல் ஹாம்ஸ்டர் காம்பாட் என்ற விளையாட்டு காயின் பிரித்தபோது தகுதி பெற்றவர்கள் 13 கோடிப் பேருக்கு மேல். மாதக்கணக்கில் தட்டிய பலருக்கும் கைக்கு வந்தது சில நூறு ரூபாய்தான். இதற்கு நேரம் ஒதுக்க வேண்டாம்.

டெஸ்ட்நெட்டும் (புது பிளாக்செயின் சங்கிலியின் சோதனைப் பதிப்பு) இலவசம்தான். ஃபாசெட் என்ற இலவசத் தளத்தில் சோதனைக் காயின் வாங்கி, ஸ்வாப் செய்து (ஒரு காயினை இன்னொன்றாக மாற்றி), பிழை கண்டால் தெரிவிக்க வேண்டும். 2022 அக்டோபரில் ஆப்டோஸ் சங்கிலி, சோதனை என்எஃப்டி (டிஜிட்டல் சான்று) எடுத்தவர்களுக்கு 150 காயின் கொடுத்தது. ஆனால் ஒன்றுமே தராமல் முடிந்த டெஸ்ட்நெட்டுகள்தான் அதிகம். வாரம் ஒரு மணி நேரம் போதும். அதற்கென்று பணமே இல்லாத தனி வாலட் (காயின் வைக்கும் செயலிக் கணக்கு) வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் நோடு ஓட்டுவது, அதாவது ஒரு திட்டத்தின் நெட்வொர்க்குக்காக நம் கணினியை ஓடவிடுவது, நம் கரைக்கு ஒத்துவராது. நோடு எவ்வளவு நேரம் விடாமல் ஓடுகிறது என்பதற்குத்தான் அங்கே பரிசு. கார்த்திகையில் புயல் வந்தால் கரண்டும் பிராட்பேண்டும் சேர்ந்தே போய்விடும்; இன்வெர்ட்டர் சில மணி நேரம்தான் தாங்கும். வாடகை சர்வரில் ஓட்டலாம், ஆனால் மாத வாடகையிலேயே நம் பத்தாயிரம் கரைந்துவிடும். இணைய இணைப்பைப் பகிரும் செயலிகளில் வேறு ஆபத்து: யாரோ எதற்கோ பயன்படுத்துவது உங்கள் வீட்டு ஐபி முகவரியில் பதிவாகும்.

ஃபியூச்சர்ஸ் வர்த்தகம் (காயின் விலை ஏறுமா இறங்குமா என்ற பந்தயம்) செய்பவர்களுக்குத் தளங்கள் தந்த புள்ளிகள் 2024-ல் பெரிதாகக் கொடுத்தன. ஹைப்பர்லிக்விட் என்ற வர்த்தகத் தளம் தன் மொத்தக் காயின்களில் 31 சதவீதத்தை 2024 நவம்பர் 29-ல் பயனாளர்களுக்குக் கொடுத்தது. மறுநாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. முன்பே விதிமுறைகளை ஏற்றிருந்தவர்களுக்கு காயின் தானாகக் கணக்கில் ஏறியிருந்ததால், கரண்ட் இல்லாதது பிரச்சினையாகவில்லை. ஆனால் புள்ளிக்காக லீவரேஜ் எடுத்தால் (கடன் சேர்த்துப் பந்தயத்தைப் பெரிதாக்கினால்) ஒரே இரவில் முதல் முழுவதும் லிக்விடேட் ஆகி அழியலாம். சின்ன முதலுக்கு இது வேண்டாம்.

மிஞ்சுவது ஒரே வாலட்டில் ஒரு லேயர்-2 சங்கிலியை (ஈத்தரியத்தின் மேல் மலிவாக ஓடும் துணைச் சங்கிலி) நிதானமாகப் பயன்படுத்துவது. பத்தாயிரம் ரூபாய்க்கு இதுதான் சரி என்பதற்கு ஆர்பிட்ரம் என்ற லேயர்-2 தன் ஏர்டிராப்புக்குப் போட்ட 2023 மார்ச் கணக்கே சான்று. பரிவர்த்தனை நடந்த மாதங்கள் 2, 6, 9 என்று கூடக் கூடப் புள்ளி ஏறியது. எல்லாப் பரிவர்த்தனையும் 48 மணி நேரத்துக்குள் முடிந்திருந்தால் ஒரு புள்ளி கழிந்தது. குறைந்தபட்சத் தகுதிக்கே 625 காயின், உச்சம் 10,250. ஆக, ஒரே வாரத்தில் ஐம்பது ஸ்வாப் செய்தவரைவிட, மாதம் இரண்டு முறையாக ஒன்பது மாதம் செய்தவருக்கே அது சாதகம்.

செய்முறை இதுதான். காயினை வெளியே அனுப்ப அனுமதிக்கும் எக்ஸ்சேஞ்சா என்று முதலில் பாருங்கள். ஈத்தரை (ஈத்தரியத்தின் காயின்) வாங்கி நேரடியாக லேயர்-2 வழியாக வாலட்டுக்கு அனுப்பினால் பிரிட்ஜ் செலவு (சங்கிலி மாற்றும் கட்டணம்) மிச்சம். மாதம் இரண்டு மூன்று பரிவர்த்தனை, வெவ்வேறு செயலிகளில்: ஒரு ஸ்வாப், ஒரு கடன் குளத்தில் (பலர் காயின் சேர்த்துக் கடன் கொடுக்கும் செயலி) டெபாசிட், அவ்வளவு போதும். ஈத்தரியத்தின் 2024 மார்ச் மாத டென்கன் மேம்படுத்தலுக்குப் பிறகு லேயர்-2-ல் கேஸ் கட்டணம் (ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் சங்கிலி வாங்குவது) வெகுவாகக் குறைந்துவிட்டது. எல்லா ஈத்தரையும் குளத்தில் போட்டுவிடாதீர்கள். ஸ்டார்க்நெட் என்ற லேயர்-2, ஸ்னாப்ஷாட் நாளில் (தகுதியைக் கணக்கெடுக்கும் நாள்) வாலட்டில் 0.005 ஈத்தர் இருக்க வேண்டும் என்றது. காயினைக் குளத்தில் வைத்திருந்த பலர் அதில் விடுபட்டார்கள். 0.01 ஈத்தர் எப்போதும் வாலட்டிலேயே கிடக்கட்டும்.

இருபது வாலட் வைத்தால் இருபது மடங்கு கிடைக்கும் என்று கணக்குப் போடுபவர்கள் மாட்டுவது மூன்று இடத்தில்: எல்லா வாலட்டுக்கும் ஒரே இடத்திலிருந்து பணம் போயிருக்கும், ஒரே வரிசையில் ஒரே வேலை நடந்திருக்கும், கடைசியில் ஒரே டெபாசிட் முகவரிக்குத் திரும்பியிருக்கும். 2024-ல் லேயர்ஸீரோ என்ற திட்டம், தாமாக ஒப்புக்கொண்டவர்களுக்கு உரிய பங்கில் 15 சதவீதம், ஒப்புக்கொள்ளாமல் பிடிபட்டால் பூஜ்யம் என்று அறிவித்தது. வருமான வரியும் இந்த வழிக்கு எதிராகவே இருக்கிறது. விற்ற லாபத்தில் 30 சதவீதம், அதன்மேல் 4 சதவீத செஸ். கொள்முதல் விலையைத் தவிர வேறு செலவைக் கழிக்க முடியாது, ஒரு காயினின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் ஈடுகட்டவும் முடியாது. இருபது வாலட்டின் கேஸ் செலவு முழுக்க உங்கள் தலையில்தான். விற்ற பணத்துக்காக முகம் தெரியாதவரிடம் பி2பி (ஆளுக்கு ஆள் நேரடி விற்பனை) செய்யாதீர்கள். எங்கிருந்தோ வந்த மோசடிப் பணத்துக்காக உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்படலாம்.

கடைசியில் கிளெய்ம் செய்யும் திரை, அதாவது உரிய காயினைப் பெற்றுக்கொள்ளும் பக்கம். புதிதாகத் திறந்த காலி வாலட்டில் கிளெய்ம் செய்ய முடியாது. தகுதி பெற்ற முகவரியிலிருந்துதான் செய்தாக வேண்டும். அதனால்தான் திருடர்கள் அங்கே காத்திருக்கிறார்கள். கன்ஃபர்ம் அழுத்துமுன் வாலட் காட்டும் சிறு பெட்டியை நிதானமாகப் படியுங்கள். சரியான கிளெய்ம் உங்களிடம் கேட்பது பெரும்பாலும் கேஸ் கட்டணம்தான். அதில் 'அப்ரூவ்' என்று உங்கள் யுஎஸ்டிடிக்கு (டாலர் மதிப்பில் இருக்கும் காயின்) வரம்பில்லாத அனுமதி கேட்டாலோ, 'செட் அப்ரூவல் ஃபார் ஆல்' (ஒரு தொகுப்பின் எல்லா என்எஃப்டிக்கும் அனுமதி) என்று இருந்தாலோ, உடனே ரிஜெக்ட். வாலட்டைத் திறக்கும் பன்னிரண்டு ரகசியச் சொற்களை (சீட் பிரேஸ்) கேட்கும் கிளெய்ம் பக்கம் எதுவாக இருந்தாலும் அது திருட்டுப் பக்கம். தெரியாமல் அனுமதி கொடுத்துவிட்டால், ரிவோக் கேஷ் தளத்தில் அந்த அனுமதியை அப்போதே ரத்து செய்யுங்கள். சொற்களையே கொடுத்துவிட்டால் ரத்து செய்வது உதவாது. மிச்சம் இருப்பதை வேறு சீட் பிரேஸில் திறந்த வாலட்டுக்கு உடனே மாற்றுங்கள்.