டாலியின் டிவைன் காமெடி பிரிண்ட்: கையெழுத்துக்குக் காசு கொடுக்கலாமா?

ஸ்பெயின் ஓவியர் சால்வடார் டாலி, இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் டிவைன் காமெடி காவியத்துக்கு வரைந்த நூறு படங்களில் ஒன்றை பாரிஸில் ஒரு பழைய அச்சுப்படக் கடையில் வாங்கி, பிரேம் போட்டு, ஹாலில் மாட்டியாயிற்று. காவியத்தின் நடுப்பாகமான உத்தரிக்கிற ஸ்தலத்தின் (செத்தவர்கள் பாவம் கழிக்கிற இடம்) முதல் படம், ‘வீழ்ந்த தேவதூதன்’. கையெழுத்து இல்லாத பிரதி. பிரிண்டுக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், கடைக்கு நாலு, ‘டாலியே கையெழுத்திட்டது’ என்று விற்கிற சந்தைக்கு ஒன்று கொடுத்தாலே அதிகம்.

முதலில் பொருளைப் பற்றி. 1950 வாக்கில் இத்தாலிய அரசுதான் டாலியிடம் இந்த வேலையை ஒப்படைத்தது, 1965-இல் வரவிருந்த தாந்தேயின் 700-ஆவது பிறந்த ஆண்டை மனதில் வைத்து. எங்கள் தாந்தேக்குப் படம் போட ஸ்பெயின்காரனா என்று அங்கே பெரிய கூச்சல் கிளம்ப, அரசு கைகழுவிவிட்டது. டாலி விடவில்லை. நீர்வண்ணப் படங்கள் பிரான்ஸுக்குப் போயின, பதிப்பாளர் ஜோசப் ஃபோரே கையில் எடுத்தார், 1960 முதல் 1964 வரை மர அச்சுகளாக வெளிவந்தன. நரகத்துக்கு 34, உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு 33, மோட்சத்துக்கு 33, அதாவது காண்டோவுக்கு (காவியத்தின் ஒரு படலம்) ஒரு படம். ரேமோன் ஜாக்கே என்கிற செதுக்குநர் தன் ஆட்களோடு உட்கார்ந்து இந்த நூறு படங்களுக்காகச் செதுக்கிய கட்டைகள் சுமார் 3,500 என்கிறார்கள். ஒரு படத்துக்குச் சராசரியாக முப்பத்தைந்து! நீர்வண்ணத்தில் ஒரு துளி தண்ணீர் கசிந்து ஓடியிருந்தால் அந்தக் கசிவுக்கும் தனித்தனியாகக் கட்டை செதுக்க வேண்டும், நிறத்துக்கு நிறம் அதே இடத்தில் சரியாக உட்கார வேண்டும். டாலிக்குக் கிடைக்கிற புகழில் பாதியாவது ஜாக்கேக்குப் போயிருக்க வேண்டும், ஆனால் விற்பனை அட்டைகளில் பெரும்பாலும் அவர் பெயரே இருக்காது.

என் படத்தில் தேவதூதன் தலையைக் குனிந்து தன் உடம்பையே பார்க்கிறான். உடம்பெல்லாம் இழுப்பறைகள், மேஜை டிராயர் மாதிரி, சில திறந்து கிடக்கின்றன. உள்ளே என்ன வைத்தேன் என்று மறந்துபோனவன் தேடுகிற தோரணை. தாந்தேயில் இப்படி ஒரு ஆள் இந்த இடத்தில் வருவதே கிடையாது, இழுப்பறை முழுக்க டாலியின் சொந்தச் சரக்கு, முப்பதுகளிலிருந்தே அவர் ஓவியங்களில் வருவது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. மூலத்துக்கு அடிபணிந்து படம் போடுகிறவர்கள் நிறையப் பேர், மூலத்துக்குள் புகுந்து தன் வேலையைப் பார்க்கிறவர் இவர். தாந்தே பக்தர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும், இத்தாலிக்காரர்கள் கோபப்பட்டதற்கு ஒரு நியாயமும் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து மடங்கு லென்ஸ் ஒன்று கட்டாயம் கையில் இருக்கட்டும். சிறகின் ஓரத்தில் வைத்துப் பார்த்தேன். கோடு தடையில்லாமல் ஓடுகிறது, ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் மெல்லிய படலமாக ஏறி நிற்கிறது, சில இடங்களில் மை விளிம்பில் சற்றுத் தடித்து ஒதுங்கியிருக்கிறது. பத்திரிகைப் படத்தில் தெரிகிற அந்தக் குட்டிக்குட்டிப் புள்ளிகள் எங்கேயும் இல்லை. புள்ளிகள் தெரிந்தால் அது ஆஃப்செட் எந்திரத்தில் அடித்த போஸ்டர், எந்தக் கையெழுத்து இருந்தாலும் சரி, எழுந்து வந்துவிடலாம்.

அப்புறம் கையெழுத்து விவகாரம். இந்தப் படங்கள் தைத்த புத்தகமாக வரவில்லை, தளர்வான தாள்களாகப் பெட்டிகளில் வந்தன. அதனால் எதையும் கிழிக்காமல் ஒவ்வொன்றாக எடுத்து விற்கலாம், அறுபது வருஷமாக விற்றுக்கொண்டும் இருக்கிறார்கள். பிரெஞ்சு பதிப்பு மட்டுமே நாலாயிரத்துக்கும் மேற்பட்ட செட்டுகள், பெரும்பாலானவற்றில் டாலி ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. கட்டையிலேயே செதுக்கி மையோடு அச்சான ‘டாலி’ பல படங்களில் உண்டு, அது படத்தின் ஒரு பகுதி, அதற்குத் தனி விலை கிடையாது. பென்சிலில் போட்டதாகச் சொல்லப்படுவதற்குத்தான் விலை எகிறுகிறது. கையெழுத்து இல்லாத தாள் சில நூறு யூரோவுக்குக் கிடைக்கிறது, அதே படம், அதே தாள், கீழே வலது மூலையில் பென்சில் கிறுக்கல் இருந்தால் ஆயிரங்களில் கேட்கிறார்கள். டாலி உண்மையாகவே பென்சிலில் போட்டுக்கொடுத்த பிரதிகளும் இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. எது எது என்று பிரிப்பதுதான் பாடு.

ஏனென்றால் ஆளே அப்படி. 1974-இல் பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவில் இருக்கிற குட்டி நாடான அந்தோராவுக்குப் போன ஒரு லாரியை பிரெஞ்சு சுங்கத்தார் மடக்கிப் பார்த்தபோது, டாலி கையெழுத்து மட்டும் போட்ட 40,000 வெற்றுத்தாள்கள் உள்ளே இருந்தனவாம். படம் பிறகு எவனோ அடித்துக்கொள்வான், எந்தப் படம் என்பது அவன் இஷ்டம். இதில் விசேஷம் என்னவென்றால் கையெழுத்து அசல்! எந்த நிபுணர் பார்த்தாலும் ஆமாம், டாலி கைதான் என்று சத்தியம் செய்வார், மேலே இருக்கிற படம் மட்டும் அவர் கண்ணால்கூடப் பார்க்காத ஒன்றாக இருக்கும். மற்ற ஓவியர்கள் விஷயத்தில் கையெழுத்து நிஜமா என்று கேட்டால் போதும், டாலியிடம் அந்தக் கேள்வி பாதிதான். போதாக்குறைக்கு 1980-க்கு மேல் கை நடுக்கம் வந்து அவரால் ஒழுங்காகக் கையெழுத்துப் போடவே முடியவில்லை, 1989 ஜனவரியில் போய்ச் சேர்ந்துவிட்டார், ஆனால் ‘டாலி கையெழுத்து’ மட்டும் சந்தையில் குறைந்தபாடில்லை.

இதே படத்தின் பென்சில் பிரதி ஒன்றை வேறொரு கடையில் எனக்குக் காட்டினார்கள். பெயர் வேண்டாம். தடித்த அட்டையில் தங்க முத்திரை குத்திய சான்றிதழ், அதில் ‘அசல் என்று உறுதியளிக்கிறோம்’ என்று ஒரு வரி, யார் உறுதி, டாலி அச்சுகளைப் பட்டியலிடுகிற நூலில் எந்த அட்டவணை எண், எந்தப் பதிப்பு, ஒன்றும் கிடையாது. தாளைக் கண்ணாடிக்குள்ளிருந்து எடுத்துக் காட்டச் சொன்னேன், எடுத்தால் படத்தைச் சுற்றியிருக்கிற அட்டை (மவுண்ட்) பாழாகும் என்றார் அந்த அம்மாள். சரி, நன்றி என்று கிளம்பிவிட்டேன். பிரேமைப் பிரிக்க மாட்டேன் என்கிற இடத்தில் இந்த விலைக்கு ஒரு பொருளை வாங்கவே கூடாது. தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்தான் தாளுக்குள்ளேயே பதிந்த நீர்க்குறி தெரியும். ஆர்ஷ், ரீவ் என்கிற பிரெஞ்சு அச்சுத்தாள்களில் 1980 வாக்கிலிருந்து நீர்க்குறியோடு ஒரு முடிவிலிக் குறி சேர்ந்துகொண்டது, படுத்துக்கிடக்கிற எட்டு. 1960-களில் அடித்த படம் என்று சொல்லப்படுகிற தாளில் அந்த எட்டு இருந்தால் கதை அங்கேயே முடிந்தது.

நான் வாங்கிய கடையில் இந்த நாடகமே இல்லை. பெரிய மர இழுப்பறைகளில் தாள்கள் தட்டையாகக் கிடக்கின்றன, கையுறைகூடக் கொடுக்கவில்லை, கையைக் கழுவிவிட்டு வாருங்கள் என்றார் பெரியவர். மிஷ்லர், லோப்சிங்கர் இருவரும் தொகுத்த டாலி அச்சுப்பட அட்டவணையை எடுத்து (டிவைன் காமெடி அதில் 1039 முதல் 1138 வரை) என் படத்துக்கு நேரே விரித்து வைத்து, நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு டீ போடப் போய்விட்டார். ஆல்பர்ட் ஃபீல்டின் 1996 அட்டவணையும் அலமாரியில் இருந்தது. டாலி அச்சுகள் விற்கிற இடத்தில் இந்த இரண்டில் ஒன்றாவது இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். ரசீதில் படத்தின் பெயர், பதிப்பு, அட்டவணை எண், ‘பென்சில் கையெழுத்து இல்லை’ எல்லாம் கையால் எழுதிக் கொடுத்தார். தங்க முத்திரையைவிட அந்த ரசீதுதான் எனக்குப் பெரிது.

குறை என்று பார்த்தால் இரண்டு. தாளின் பின்பக்கம் மேல் ஓரத்தில் யாரோ பழைய பசைத்தாள் ஒட்டி மாட்டியிருந்திருக்கிறார்கள், பழுப்பாக இரண்டு தழும்பு, முன்பக்கம் தெரியவில்லை. கடைக்காரர் இதைத் தானாகச் சொல்லவில்லை, கேட்டதும் ஒத்துக்கொண்டு விலையைக் கொஞ்சம் குறைத்தார். அரை மதிப்பெண் பிரிண்டுக்கு இதனால்தான் போனது. இரண்டாவது, பொதி. இரண்டு மெல்லிய அட்டைக்கு நடுவில் வைத்து டேப் ஒட்டிக் கையில் கொடுத்துவிட்டார், ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். தூர ஊருக்குத் தபாலில் வரவழைப்பவர்கள் கெட்டிப் பலகைக்கு நடுவில் வைத்து அனுப்பச் சொல்லி முன்கூட்டியே கறாராகப் பேசிவிடுங்கள், குழாயில் சுருட்டி அனுப்ப ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கையெழுத்து இருந்தே ஆகவேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, முழுப் புத்தகமாக வாங்குங்கள். 1969-இல் மேசெனாஸ் பிரஸ், ரேண்டம் ஹவுஸோடு சேர்ந்து வெளியிட்ட ஆலிஸின் அற்புத உலகம் நல்ல உதாரணம். பன்னிரண்டு ஹீலியோகிராவ்யூர் படங்கள் (ஒளிப்பட முறையில் செப்புத்தகட்டில் ஏற்றி அச்சடித்தவை), முகப்பில் ஒரு எட்சிங் (அமிலத்தால் அரித்த தகட்டிலிருந்து அடித்தது), எல்லாம் பெட்டிக்குள் தளர்வான தாள்கள், மொத்தம் 2,700 பிரதிகள், டாலி கையெழுத்திட்ட பதிப்பு. படத்துக்குப் படம் கயிறு தாண்டுகிற ஒரு சிறுமி வந்துபோகிறாள், தேடிக் கண்டுபிடிப்பதே ஒரு சுகம். பெட்டி, தலைப்புப் பக்கம், பிரதி எண் எல்லாம் ஒன்றாக இருப்பதால் கையெழுத்துக்கு ஒரு பின்னணி இருக்கிறது. இதையும் பிரித்து ஒற்றைப் படமாக விற்கிறார்கள், பாவிகள். உள்ளே இருக்கிற பன்னிரண்டும் தனித்தனியாகக் கையெழுத்திட்டு வந்தவை இல்லை என்பதை மட்டும் மறக்காதீர்கள். ஒற்றைத் தாள் ‘பென்சில் கையெழுத்தோடு’ உங்கள் முன்னால் வந்தால் யார், எப்போது, எங்கே போட்டது என்று கேட்டுவிட்டு விற்கிறவர் முகத்தைப் பாருங்கள்.

1957-இல் வந்த டான் குயிக்ஸோட் லித்தோகிராஃப்களும் (கல்லில் வரைந்து அச்சடித்தவை) ஆசைதான். பாரிஸின் மோன்மார்த்தில் கூட்டம் வேடிக்கை பார்க்க, அச்சுக்கல்லின் மேல் பழங்காலத் துப்பாக்கியால் மைக்குண்டு சுட்டு, காண்டாமிருகக் கொம்பை மையில் தோய்த்துத் தேய்த்து டாலி கூத்தடித்த தொகுப்பு அது. விளம்பரத்துக்காகச் செய்தார் என்பார்கள், இருக்கட்டும், அந்தத் தெறிப்புகளில் காற்றாலை சுழல்வது நன்றாகத்தான் இருக்கிறது. விலை என் கைக்கு எட்டாது. அதனால் நரகத்திலிருந்து இன்னொரு தாளுக்குப் பெரியவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், கையெழுத்து இல்லாமல், பின்பக்கம் தழும்பு இல்லாமல், இந்தத் தடவை கெட்டி அட்டையில்.